கூடையில் பல நிற முட்டைகள் வேண்டுமானால் எந்தச் சேவலை வாங்குவது?

வட கரோலினாவில் வீட்டுப் பின்புறத்தில் ஆறு பெட்டைக்கோழிகள் வளர்க்கும் நீங்கள், அவற்றோடு ஒரு சேவலைச் சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தால் நீலம், பச்சை, ஆலிவ், கரும்பழுப்பு எனப் பல நிறங்களில் முட்டையிடும் கோழிகள் கிடைக்குமா, அதற்கு எந்த இனச் சேவலை வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தீவனத்தை மாற்றினால் முட்டையின் நிறம் மாறுமா, காது மடலைப் பார்த்தே முட்டையின் நிறத்தைச் சொல்லிவிடலாம் என்று நண்பர் சொன்னது சரியா என்ற இரண்டு கேள்விகளையும் கூடவே வைத்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன்: கண்ணுக்குத் தெரிகிற முட்டையையும் கோழியையும் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மரபை எவ்வளவு தூரம் கணிக்க முடியும்? குஞ்சுக்குப் பாதி மரபு சேவலிடமிருந்து வருகிறது, சேவலோ முட்டையிடுவதில்லை. சிக்கல் முழுவதும் அந்த மறைந்த பாதியில்தான் இருக்கிறது. நான் கால்நடை மரபியல் படித்தவன்; பன்னிரண்டு ஆண்டுகளாக என் வீட்டுக் கொட்டிலில் நிற முட்டைக்காகவே கோழிகளை இணை சேர்த்து வருகிறேன். படிப்பிலிருந்து சொல்வது எது, கொட்டிலில் கண்டது எது என்பதை ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஈஸ்டர் எக்கர் கோழியின் (நீல முட்டை மரபு கலந்த கலப்பினம்) பச்சை முட்டை ஒன்றையும் மரான்ஸ் கோழியின் பழுப்பு முட்டை ஒன்றையும் உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை விரல் நகத்தால் உரித்தெடுத்து, ஓட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள். பழுப்பு முட்டையின் உட்புறம் வெள்ளையாக இருக்கும். பச்சை முட்டையின் உட்புறமோ பச்சையாக இல்லாமல் வெளிர் நீலமாக இருக்கும். ஒரே நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனைக்குள் விஷயத்தின் சாரம் அடங்கிவிடுகிறது. கோழி முட்டையின் ஓட்டுக்கு அடிப்படை நிறங்கள் இரண்டே, வெள்ளையும் நீலமும். மற்றவை எல்லாம் அவற்றின் மேல் பூசப்படும் பழுப்பின் அளவைப் பொறுத்தவை. வெள்ளை ஓட்டின் மேல் பழுப்பு படிந்தால் பழுப்பு முட்டை. நீல ஓட்டின் மேல் கொஞ்சம் படிந்தால் பச்சை. அடர்த்தியாகப் படிந்தால் ஆலிவ். பச்சைக்கென்று தனி நிறமி எதுவும் கோழியிடம் இல்லை.

ஓடு உருவாவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. நீல நிறமியான பிலிவெர்டின் ஓட்டின் சுண்ணாம்போடு கலந்தே படிவதால் அது உள்ளும் புறமும் ஊடுருவி நிற்கிறது. அடிபட்ட இடம் கன்றிப்போய்ச் சில நாளில் பச்சையாகத் தெரிவதும் இதே பிலிவெர்டினால்தான். பழுப்பு நிறமியான புரோட்டோபார்ஃபிரினின் பெரும்பகுதி கடைசிச் சில மணி நேரங்களில், வர்ணம் அடிப்பதுபோல மேற்பரப்பிலும் அதன் மேலுறையிலும் படிகிறது. மரான்ஸ் கோழி இட்ட முட்டையை ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால், அந்த இடத்தில் பழுப்பு கலைந்து வெளிறிய கோடு விழும், விரலிலும் கறை ஒட்டும். நீல முட்டையை எவ்வளவு தேய்த்தாலும் நீலம் வராது.

நீலத்தைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவை நிறைய. அது ஒரே ஒரு மரபணுவின் வேலை என்பதையும், வெள்ளையின் மேல் அது ஓங்கு பண்பு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது, என்பதையும் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட் 1933-ல் காட்டினார். பள்ளிப் பாடப் புத்தகத்தில் மரபுக் கலப்பைக் கணக்கிட நாம் போட்ட கட்டம் அவர் பெயரால் வழங்குவதுதான். கிளாரன்ஸ் எலியட் என்ற தாவரச் சேகரிப்பாளர் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த நீல முட்டைக் கோழிகளின் வழி வந்ததே, பன்னெட்டும் மைக்கேல் பீஸும் உருவாக்கிய க்ரீம் லெக்பார் இனம். உங்கள் கொட்டிலில் நிற்கும் ஒன்று அந்த இனம்தான். 2013-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காரணத்தையே கண்டுபிடித்தன. வெகுகாலத்துக்கு முன் கோழியின் மரபுக்குள் புகுந்து தங்கிவிட்ட ஒரு ரெட்ரோவைரஸின் துண்டு, எஸ்எல்சிஓ1பி3 என்ற மரபணுவின் பக்கத்தில் செருகிக்கொண்டு, ஓடு உருவாகும் பையில் அதை முடுக்கிவிடுகிறது. அதனால் பிலிவெர்டின் ஓட்டுக்குள் போய்ச் சேருகிறது. சிலியின் கோழிகளிலும் சீனாவின் டோங்ஷியாங், லுஷி கோழிகளிலும் இந்தச் செருகல் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், நீல முட்டை உலகில் ஒரு முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று கொள்ளலாம். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது தொற்றுவதில்லை, முட்டையைச் சாப்பிடுகிறவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. முட்டையின் சத்தும் ஓட்டின் நிறத்தைப் பொறுத்து மாறுவதில்லை.

பழுப்பின் கதை இவ்வளவு தெளிவானதல்ல. அது பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தரும் பண்பு. உயரத்தைப் போல, பெற்றோரின் நடுவே எங்கோ ஓரிடத்தில் பிள்ளைகள் விழும். கரும்பழுப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் மகள்கள் பெரும்பாலும் இளம்பழுப்பு அல்லது பால்பழுப்பு முட்டையிடுவார்கள், அதிலும் ஒருத்திக்கும் மற்றொருத்திக்கும் வேறுபாடு இருக்கும். கரும்பழுப்பில் தந்தையின் பங்கு தாயின் பங்கைவிடக் கூடுதல் என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வதுண்டு. என் குறிப்பேடுகளிலும் அப்படித் தோன்றிய ஆண்டுகள் உண்டு. ஆனால் பத்துப் பன்னிரண்டு மகள்களை வைத்து அப்படி ஒரு விதியைச் சொல்ல முடியாது. எனவே நீலத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம், பழுப்பை உத்தேசமாகத்தான் சொல்லலாம்.

உங்கள் நண்பர் சொன்ன காது மடல் விதி முழுப் பொய்யல்ல, ஆனால் நம்பத் தகுந்ததும் அல்ல. லெகார்ன் போன்ற மத்தியதரைக்கடல் இனங்களுக்கு வெள்ளை மடலும் வெள்ளை முட்டையும் சேர்ந்து வருவதால் பிறந்த விதி அது. கட்டலோனியாவின் பெனதெசென்கா வெள்ளை மடலோடு கரும்பழுப்பு முட்டையிடுகிறது. இங்கிலாந்தின் டார்க்கிங் சிவப்பு மடலோடு வெள்ளை முட்டையிடுகிறது. நீல முட்டையிடும் அமெரோக்கானாவின் மடலும் சிவப்பே. இன்ன இனம் என்று தெரிந்த பிறகு மடலைப் பார்த்து அறிய எதுவும் மிச்சமில்லை; இனம் தெரியாத கலப்புக் கோழியில் மடல் எதையும் சொல்வதில்லை.

தீவனம் மஞ்சள் கருவின் நிறத்தை மாற்றும், ஓட்டின் அடிப்படை நிறத்தை மாற்றாது. வெள்ளை முட்டைக் கோழிக்கு எதைக் கொடுத்தாலும் நீல முட்டை வராது. பழுப்பின் அடர்த்தி மட்டும் பல காரணங்களால் குறையலாம். முட்டையிடும் பருவம் நீள நீள அது வெளிறும். கோழி மிரண்டாலும், வயது ஏறினாலும், தொற்று மூச்சுக்குழல் அழற்சி போன்ற நோய் வந்தாலும் வெளிறும். இரத்தக் கழிச்சலுக்குத் தீவனத்தில் கலக்கப்படும் நிக்கார்பசின் என்ற மருந்து, பழுப்பு முட்டையை ஏறக்குறைய வெள்ளையாக்கிவிடும் என்பது நெடுநாளாக அறிந்த உண்மை. அதனால்தான் முட்டைக் கோழிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. உங்கள் மரான்ஸ் வசந்தத்தில் சாக்லேட் நிறத்திலும் ஆகஸ்டில் சாதாரணப் பழுப்பிலும் முட்டையிட்டால் மரபில் குறை இருப்பதாக எண்ண வேண்டாம். பருவத் தொடக்கத்து முட்டையைப் பார்த்தே இனவிருத்திக்கான பெட்டையைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு கோழியிடமும் ஓட்டின் நீலத்தைத் தீர்மானிக்கும் மரபணுவின் பிரதி இரண்டு இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டும் நீலமாக இருந்தால் இரட்டை நீலம் என்றும், ஒன்று மட்டும் நீலமானால் ஒற்றை நீலம் என்றும் இங்கே சொல்கிறேன். இரண்டு வகையும் நீல முட்டைதான் இடும். இரட்டை நீலத்தின் முட்டை பொதுவாகச் சற்றே அடர்ந்திருக்கும் என்றாலும், ஒரு முட்டையைப் பார்த்து இது இரட்டையா ஒற்றையா என்று துணிந்து சொல்ல முடியாது. இரட்டை நீலச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்த்தாலும் மகள்கள் எல்லாருக்கும் நீல ஓடு கிடைக்கும். ஒற்றை நீலத்தை நீலமில்லாததோடு சேர்த்தால் பாதிப் பேருக்குக் கிடைக்கும். ஒற்றையையும் ஒற்றையையும் சேர்த்தால் நான்கில் மூன்று பேருக்கு. அந்த மூவரில் ஒருத்தி இரட்டை நீலம். இவை சராசரிகள் என்பதை நினைவில் வையுங்கள். ஆறு குஞ்சில் மூன்று நீலம் வர வேண்டிய இடத்தில் ஒன்று வந்தாலும் அது மரபியல் தவறியதாகாது.

உங்களிடம் இருப்பவை கருஞ்செம்பு மரான்ஸ் இரண்டு, க்ரீம் லெக்பார் ஒன்று, ஈஸ்டர் எக்கர் இரண்டு, வெள்ளை லெகார்ன் ஒன்று. இந்தக் கொட்டிலுக்கு ஒரே சேவல்தான் வாங்க முடியும் என்றால், நல்ல கரும்பழுப்பு முட்டையிலிருந்து பொரித்த கருஞ்செம்பு மரான்ஸ் சேவலையே நான் வாங்குவேன். மரான்ஸ் பெட்டைகளின் மகள்கள் கரும்பழுப்பு இடுவார்கள். லெக்பாரின் மகள்கள் ஆலிவ் இடுவார்கள். நல்ல கால்வழியில் வந்த லெக்பார் இரட்டை நீலமாக இருக்கும், எனவே ஒருத்தி விடாமல் எல்லாரும் இடுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஈஸ்டர் எக்கரின் மகள்களில் பாதியோ முழுவதுமோ பச்சை அல்லது ஆலிவ், மீதி பழுப்பு. அவை கலப்பினம் என்பதால் உள்ளே இருப்பது ஒன்றா இரண்டா என்பது அந்த மகள்கள் முட்டையிட்டால்தான் தெரியும். வெள்ளை லெகார்னின் மகள்களிடமிருந்து பால்பழுப்பு வரும், கூடவே லெகார்னின் சுறுசுறுப்பும் நிறைய முட்டையும் வரும்.

மரான்ஸ் சேவலை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அது நிறத்தைவிடப் பெரிய காரணம். லெக்பார் பெட்டைக்கு இறகில் குறுக்குக் கோடு போடும் மரபணு ஒன்று உண்டு. அது பால் நிறப்புரியில், அதாவது பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இருப்பதால், பெட்டை அதைத் தன் மகன்களுக்கு மட்டுமே கொடுக்கிறது, மகள்களுக்குக் கொடுப்பதில்லை. கோடில்லாத மரான்ஸ் சேவலோடு லெக்பார் பெட்டையைச் சேர்த்தால், கருந்தூவியோடு பொரிக்கும் குஞ்சுகளில் தலை உச்சியில் அந்த மரபணுவால் வந்த வெள்ளைப் பொட்டு இருப்பது சேவல், பொட்டில்லாமல் தலை கறுத்திருப்பது பெட்டை. பொரித்த அன்று, தூவி உலர்ந்ததும், ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தே பிரித்துவிடலாம். ஊரில் குஞ்சு வளர்ந்து கொண்டை சிவக்கும்வரை சேவலா பெட்டையா என்று காத்திருந்த நமக்கு இது பெரிய வசதி. பல நகரங்கள் சேவலை அனுமதிப்பதில்லை, உங்கள் நகரம் ஒரு சேவலை அனுமதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பொரிப்பதில் பாதி சேவலாக இருக்கும் என்பதை இன்குபேட்டரை இயக்கும் முன்பே எண்ணிப் பார்க்க வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள். இணையைத் திருப்பிப் போட்டு, லெக்பார் சேவலை மரான்ஸ் பெட்டையோடு சேர்த்தாலும் ஆலிவ் முட்டை வரும். ஆனால் எல்லாக் குஞ்சுக்கும் கோடு வந்துவிடுவதால் இந்த அடையாளம் கிடைக்காது.

மரான்ஸ் சேவல் தராத நிறம் ஒன்று உண்டு, அது தூய நீலம். அவன் எதன் மேலும் பழுப்பைப் பூசிவிடுவான். வானத்து நீலம் வேண்டுமென்றால் லெக்பார் சேவல் வேண்டும். அவனை லெக்பார் பெட்டையோடு சேர்த்தால் தூய இனம், குஞ்சுகளையும் தூவியின் கோடுகளைக் கொண்டே சேவல், பெட்டை என்று பிரித்துவிடலாம். வெள்ளை லெகார்னோடு சேர்த்தால் மகள்கள் எல்லாரும் வெளிர் நீலம் இடுவார்கள், நிறையவும் இடுவார்கள். பழுப்புப் பூச்சே இல்லாத பெட்டை என்பதால் நீலத்துக்கு லெகார்ன் மிகவும் ஏற்றது. பச்சை முட்டையிலிருந்து நீலத்துக்குப் போக விரும்புகிறவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, இன்னும் நீலமான சேவலைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது பழுப்பு குறைந்த கால்வழியை. முதல் ஆண்டு மரான்ஸ், அடுத்த ஆண்டு அவனைக் கொடுத்துவிட்டு லெக்பார் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டில் உங்கள் கூடையில் வெள்ளை, பால்பழுப்பு, கரும்பழுப்பு, நீலம், பச்சை, ஆலிவ் எல்லாம் இருக்கும்.

சேவலை எங்கே வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். என் முதல் ஆண்டில் ஒரு பொரிப்பகத்திலிருந்து அமெரோக்கானா என்ற பெயரில் வாங்கிய குஞ்சுகளில் ஒன்றைச் சேவலாக வளர்த்தேன். தாடியும் கன்ன இறகும் செழித்த அழகான பறவை. அவனை மரான்ஸ் பெட்டைகளோடு சேர்த்து ஒன்பது மகள்களை வளர்த்தேன். ஏழு மாதத் தீவனத்துக்குப் பிறகு ஐந்து பேர் ஆலிவும் நான்கு பேர் பழுப்பும் இட்டார்கள். அவன் அமெரோக்கானாவே அல்ல, ஒற்றை நீலமுள்ள ஈஸ்டர் எக்கர். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அராக்கானா என்ற மற்றொரு நீல முட்டை இனத்தை 1976-லும் அமெரோக்கானாவை 1984-லும் தனித்தனி இனமாக ஏற்றது. இருந்தும் நீல மரபு கலந்த எந்தக் குஞ்சையும் இந்தப் பெயர்களில், சற்றே மாற்றிய எழுத்துகளோடு, விற்பது இன்னும் நடக்கிறது. ஆகவே சேவலின் தாய் இட்ட முட்டையையும், முடிந்தால் சகோதரிகள் இட்ட முட்டைகளையும் நேரில் பார்த்து வாங்குங்கள். அந்த மறைந்த பாதிக்குக் கிடைக்கும் மிக நெருங்கிய சாட்சி அவைதான்.

வாங்கிய நீலச் சேவல் இரட்டையா ஒற்றையா என்று உறுதி செய்ய இரண்டு வழிகள் உண்டு. இறகிலிருந்தோ இரத்தத் துளியிலிருந்தோ இந்த மரபணுவைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. ஒரு குஞ்சை முட்டையிடும் வரை வளர்க்கும் செலவோடு ஒப்பிட்டால் அதுவே மலிவு. மற்றது பழைய வழி: வெள்ளையோ பழுப்போ இடும் பெட்டைகளோடு சேர்த்து மகள்களின் முட்டையைப் பார்ப்பது. ஒரே ஒரு மகள் நீலமில்லாத முட்டையிட்டாலும் அவன் இரட்டை நீலம் அல்ல என்பது முடிந்துவிட்டது. மாறாக, ஐந்து மகள்களும் நீலமே இட்டால், ஒற்றை நீலச் சேவலுக்கு அப்படி நேரும் வாய்ப்பு 32-ல் ஒன்று. ஏழு மகள்களும் இட்டால் 128-ல் ஒன்று. மறுப்பதற்கு ஒரு மகள் போதும், நம்புவதற்கு ஏழாவது வேண்டும் என்பது என் வழக்கம்.

குஞ்சிலேயே நீலத்தை ஊகிக்க ஓர் அடையாளம் உண்டு, ஆனால் அதை எல்லா இடத்திலும் பயன்படுத்தக் கூடாது. பட்டாணிக் கொண்டை என்கிற, மூன்று வரிசை மேடாகத் தாழ்ந்து கிடக்கும் கொண்டையின் மரபணுவும் நீல மரபணுவும் ஒரே குரோமோசோமில் மிக அருகருகே இருப்பதால், அமெரோக்கானா வழியில் வந்த கோழிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறையாவது இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. உங்கள் ஈஸ்டர் எக்கர் பெட்டைக்குப் பட்டாணிக் கொண்டை இருந்து, ஒற்றைக் கொண்டை மரான்ஸ் சேவலோடு சேர்த்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பட்டாணிக் கொண்டையும் சிலவற்றுக்கு ஒற்றைக் கொண்டையும் வந்தால், பட்டாணிக் கொண்டைக்காரிகளை வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முட்டை பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும். எல்லாக் குஞ்சுக்கும் பட்டாணிக் கொண்டையே வந்தால் இந்த அடையாளத்தால் பயனில்லை. லெக்பாரில் இது தலைகீழ், அங்கே நீலம் ஒற்றைக் கொண்டையோடு பிணைந்து வருகிறது. நம் ஊர் அசீல் சண்டைக்கோழிக்கும் பட்டாணிக் கொண்டைதான், அதன் முட்டையோ பால்பழுப்பு. கொண்டை தன்னளவில் நீலத்தைச் செய்வதில்லை, பக்கத்து வீட்டுக்காரனாக இருப்பதால் சில குடும்பங்களில் சேர்ந்து வருகிறது, அவ்வளவே.

இன்னும் அடர்ந்த ஆலிவ் வேண்டுமானால் அடுத்த தலைமுறையில் ஆலிவ் மகளை மீண்டும் ஒரு மரான்ஸ் சேவலோடு, முடிந்தவரை அவளுடைய தந்தை அல்லாத வேறொருவனோடு, சேருங்கள். பிறக்கும் மகள்களில் பாதிப் பேருக்கு நீலம் இருக்காது, அவர்கள் கரும்பழுப்பு இடுவார்கள். மீதிப் பாதி பாசி படிந்த கல்லைப் போன்ற அடர்ந்த ஆலிவ் இடுவார்கள். ஆலிவ் சேவலையும் ஆலிவ் பெட்டையையும் சேர்த்தால் கூடை இன்னும் விதவிதமாக இருக்கும், கணிப்பு இன்னும் கடினமாகும், நான்கில் ஒரு பங்கு நீலமே இல்லாமல் போகும். ஆலிவ் என்பது எந்தத் தலைமுறையிலும் நிலைத்த இனமாக இல்லாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டிய கலவையாகவே இருக்கிறது.

அராக்கானாவை வாங்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால், நிற முட்டைக்காக மட்டும் அது வேண்டாம் என்பேன். அமெரிக்க அராக்கானாவுக்கு அழகு சேர்க்கும் காதுக் குஞ்சம் ஒரு மரபணுவின் வேலை; அதன் இரண்டு பிரதிகளும் ஒரு கருவில் சேர்ந்தால் அது முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குஞ்சமுள்ள இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு கரு இப்படிப் போகும். அந்த இனத்தின் வாலில்லாமை கருவுறும் வீதத்தையும் குறைக்கிறது. அந்த இனத்தைக் காப்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் அதே நீலம் லெக்பாரிலும் அமெரோக்கானாவிலும் இந்த இழப்பில்லாமல் கிடைக்கிறது. இளஞ்சிவப்பு, பிளம் நிற முட்டை என்று அதிக விலைக்கு விற்கப்படுபவை பற்றியும் ஒரு சொல்: பழுப்பின் மேல் படியும் மேலுறை தடித்து வெண்பூச்சாக நிற்பதால் தெரியும் சாயல் அது, நனைத்தால் மறையும். சில பெட்டைகள் தொடர்ந்து அப்படி இடுகிறார்கள், அவர்களின் மகள்களும் சில நேரம் இடுகிறார்கள். ஆனால் நீலத்தைப் போல எண்ணிச் சொல்லும் விதி அதற்குக் கிடையாது. புள்ளிகளும் அப்படியே. அவற்றுக்காகப் பெரும் பணம் கொடுக்க வேண்டாம்.

செய்முறையில் பலர் இடறும் இடம் குறிப்பெழுதாமைதான். ஒரே நிறத்தில் இரண்டு பெட்டைகள் முட்டையிட்டால், ஒருத்தியின் ஆசனவாய் ஓரத்தில் உணவுச் சாயத்தை ஒரு துளி தடவிவிடுங்கள்; அவள் முட்டையில் கோடு விழும். அடை வைக்கும் ஒவ்வொரு முட்டையின் மேலும் பென்சிலால் தாயின் குறியை எழுதுங்கள், பொரித்த அன்றே குஞ்சின் காலில் நிற வளையம் மாட்டி, கால் பருக்கப் பருக்க வளையத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். சேவலை மாற்றினால், பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும் என்பதால், நான்கு வாரம் கழித்து இடும் முட்டைகளையே புதியவனின் பெயரில் எழுதுங்கள். முட்டைகளைக் கூர்முனை கீழாக வைத்து, 55 முதல் 60 டிகிரி ஃபாரன்ஹீட் குளிரில், ஒரு வாரத்துக்குள் இன்குபேட்டரில் சேர்த்துவிடுங்கள்; காற்றாடியுள்ள இன்குபேட்டருக்கு 99.5 டிகிரி, 21 நாள். வெள்ளை முட்டையில் ஒரு வாரத்தில் விளக்கு பிடித்துக் கூமுட்டையைக் கண்டுபிடிப்பதுபோல மரான்ஸ் முட்டையில் முடியாது, ஓடு ஒளியை விடாது. பத்தாம் நாள், பதினான்காம் நாள் இருட்டறையில் வலுவான விளக்கோடு பாருங்கள், சந்தேகமானதை எறியாமல் விட்டுவையுங்கள்.

வெளியிலிருந்து வரும் சேவலை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கொட்டிலில் விடுங்கள்; 2022 முதல் அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் வீட்டுக் கொட்டில்களிலும் வந்துகொண்டிருப்பதால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மிஞ்சும் சேவல் குஞ்சுகளை என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இறைச்சிக்கு வளர்ப்பதும் நேர்மையான முடிவுதான், நிலம் உள்ள ஒருவர் ஏற்றுக்கொள்ள முன்வந்தால் அதுவும் சரிதான். பன்னிரண்டு வாரத்தில் கூவத் தொடங்கிய பிறகு, பிள்ளைகள் பெயர் வைத்த பறவைகளை வைத்துக்கொண்டு அதைப் பற்றி முதன்முதலாகப் பேசுவது எல்லாருக்கும் துன்பம்.

மார்ச்சில் அடை வைத்தால் ஏப்ரலில் பொரித்து, செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பருக்குள் விடைக்கோழிகள் முட்டையிடத் தொடங்கும். லெகார்ன் மகள்கள் முந்துவார்கள், மரான்ஸ் மகள்கள் பிந்துவார்கள். முதல் முட்டையை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அதில் பூச்சு சீராக இருக்காது, சில நேரம் இரத்தக் கோடும் இருக்கும். ஒவ்வொருத்தியின் ஆறாவது ஏழாவது முட்டையை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஒரே வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் படம் எடுத்து, வளைய நிறத்தோடு தேதியையும் எழுதி வையுங்கள். ஈஸ்டர் எக்கர் மகள்களின் முட்டைகளை மட்டும் தனியே எண்ணுங்கள்: எத்தனை பேர் பச்சை, எத்தனை பேர் பழுப்பு. அந்த எண்ணிக்கையை இங்கே எழுதினால், அவர்களின் தாய்க்குள் இருப்பது ஒற்றை நீலமா இரட்டையா என்று சேர்ந்து பார்க்கலாம்.